பித்தத்துக்கு வழி விடுதல்: கல்லீரல் அறுவைக்குப் பின் வரும் கசிவு பற்றி

கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பிறகு பித்தம் கசிகிறது என்று தெரிய வந்ததும், நோயாளியின் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: "எங்க ஒழுகுதுன்னு பார்த்து, மறுபடியும் திறந்து ஒரு தையல் போட்டுட முடியாதா சார்?" இடையீட்டுக் கதிரியக்க அறையில் (ஸ்கேன், எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி ஊசி, குழாய் வழியே சிகிச்சை செய்யும் இடம்) டெக்னீஷியனாக வேலை பார்க்கும் எனக்கு இதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் கிடையாது, அது மருத்துவரின் பொறுப்பு. ஆனால் அவர் அவசரத்தில் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டுப் போவதை, குழாயோடும் பையோடும் ஸ்ட்ரெச்சரில் காத்திருப்பவர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டிய நிலை அடிக்கடி வருவதால், அந்த விரிவை ஒருமுறை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான பித்தக் கசிவுகளை யாரும் போய் அடைப்பதில்லை. வயிற்றுக்குள் தேங்கியதை வெளியே எடுத்துவிட்டு, பித்தம் சிரமமின்றிப் போவதற்கு ஒரு பாதையைத் திறந்துவிட்டால், ஓட்டை தானாகவே மூடிக்கொள்கிறது.

கல்லீரல் நாளொன்றுக்குச் சுமார் 600 முதல் 1000 மில்லிலிட்டர் வரை பித்தம் சுரக்கிறது. நுண்ணிய குழல்களில் தொடங்கும் அந்தப் பித்தம் கிளைகள் கூடக்கூடப் பெருகி, வலது, இடது நாளங்கள் வழியே கல்லீரலின் வாயிலுக்கு வந்து, பொதுப் பித்தநாளமாக இறங்கி, முன்சிறுகுடலில் போய்ச் சேர்கிறது. பிரெஞ்சு மருத்துவர் க்ளோட் குயினோ 1950களில் வகுத்துக் காட்டிய எட்டுக் கூறுகளின் எல்லைகளை ஒட்டித்தான் இன்றும் கல்லீரலை வெட்டுகிறார்கள். எல்லை எவ்வளவு சரியாகப் பார்க்கப்பட்டாலும், வெட்டு முகத்தில் அறுபடும் சிறு நாளங்கள் ஏராளம். அறுபட்ட ரத்தக்குழாய் உடனே ரத்தத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அறுபட்ட பித்தநாளம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. குண்டூசித் தலையைவிடச் சிறிய ஒரு வாயிலிருந்து மெல்ல ஊறும் மஞ்சள் திரவம், அந்தச் செந்நிற வெட்டுமுகத்தில் தேர்ந்த கண்ணுக்கும் தப்பிவிடக்கூடும். வெப்பக் கருவியால் கருக்கி மூடிய திசு சில நாட்கள் கழித்து உதிர்ந்து, மூடியிருந்த வாய் மறுபடி திறப்பதும் உண்டு. வயிற்றை மூடுவதற்கு முன், பித்தப்பை நாளத்தின் முனை வழியாகப் பால்போல் வெண்மையான கொழுப்புக் கரைசலைச் செலுத்தி, வெட்டு முகத்தில் எங்காவது வெண்புள்ளி தோன்றுகிறதா என்று பார்க்கும் சோதனை சில இடங்களில் செய்யப்படுகிறது. அது கசிவுகளைக் குறைக்கும், முற்றிலும் ஒழித்துவிடாது.

எதைக் கசிவு என்று அழைப்பது என்பதிலேயே முன்பு ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு கணக்கு வைத்திருந்தது. கல்லீரல் அறுவைக்கான பன்னாட்டு ஆய்வுக் குழு 2011இல் ஒரு பொது வரையறையைக் கொண்டுவந்தது: அறுவைக்குப் பின் மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ, வடிகுழாயில் வரும் திரவத்தின் பிலிரூபின் (பித்தத்துக்கு மஞ்சள் நிறம் தரும் பொருள்) அளவு ரத்தத்தில் உள்ளதைப்போல் மூன்று மடங்காவது இருந்தால் அது பித்தக் கசிவு, தேங்கிய பித்தத்துக்காகவோ பித்தத்தால் வந்த வயிற்று உறை அழற்சிக்காகவோ ஊசி வழிச் சிகிச்சையோ மறு அறுவையோ தேவைப்பட்டாலும் அது பித்தக் கசிவுதான். சிகிச்சையில் எந்த மாற்றமும் கேட்காதது 'ஏ' தரம். மறுபடி வயிற்றைத் திறக்காமல், கூடுதல் சிகிச்சையால் சமாளிக்கக்கூடியதும், ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் 'ஏ' தரக் கசிவும் 'பி' தரம். மறு அறுவை தேவைப்படுவது 'சி' தரம். எங்கள் அறைக்கு வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த 'பி' தரத்தினர்.

அறிகுறிகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அறுவையின்போதே வைத்த வடிகுழாயில் ரத்தம் கலந்து வந்துகொண்டிருந்த நீர் திடீரென்று மஞ்சள் கலந்த பச்சையாக மாறினால், நர்ஸே முதலில் கண்டுபிடித்துவிடுவார். குழாய் இல்லாதவர்களுக்கு அல்லது குழாய் எட்டாத மூலையில் பித்தம் தேங்கியவர்களுக்குக் காய்ச்சல் வரும், வயிறு உப்பும், சாப்பாடு இறங்காது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்கு அடியில் தேங்கினால் வலது தோள்பட்டை வலிக்கும், விக்கல் நிற்காமல் வரும். "தோள்பட்டையில வாயு பிடிச்சிருக்கு" என்று தைலம் தேய்த்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்தால் வெட்டு முகத்தை ஒட்டி நீர் கோத்திருப்பது தெரியும். ஆனால் அது பித்தமா, சீழா, பழைய ரத்தமா என்பதை ஊசி போட்டு எடுத்துப் பார்த்தால்தான் உறுதி சொல்ல முடியும்.

அந்த ஊசியில்தான் சிகிச்சையும் தொடங்குகிறது. நோயாளியைச் சற்று இடப்புறம் சாய்த்துப் படுக்க வைத்து, அல்ட்ராசவுண்டில் தேக்கத்தைப் பார்த்தபடி, நுரையீரல் உறையையும் குடலையும் தொடாத ஒரு பாதையை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். தோலை மரத்துப்போகச் செய்ய லிக்னோகைன். நோயாளி விழித்துத்தான் இருப்பார், பேசிக்கொண்டும் இருப்பார். 18 கேஜ் ஊசி உள்ளே போனதும் சிரிஞ்சில் கரும்பச்சையாகவோ பொன்னிறமாகவோ திரவம் ஏறும். அதில் கொஞ்சம் கிருமிச் சோதனைக்குப் போகும். ஊசியின் உட்புறம் வழியாக 0.035 அங்குல கைட் வயர் இறங்கும். ஊசியை உருவிவிட்டு, அந்தக் கம்பியின் மேலேயே பாதையைப் படிப்படியாக அகலப்படுத்தி, பிக்டெயில் குழாயை ஏற்றுவார்கள். குழாயின் நுனி உள்ளே சுருண்டு வளையமாக நிற்பதற்கு அதற்குள் ஒரு மெல்லிய நூல் ஓடுகிறது. வெளியே இருக்கும் முனையில் அதை இழுத்துப் பூட்டினால்தான் வளையம் நிலைக்கும். குழாயை எடுக்கும் நாளில் அந்த நூலை விடுவிக்காமல் இழுத்தால் வளையம் உள்ளே சிக்கி நோயாளி துடித்துப்போவார். வேறு ஊரில் குழாயை எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்புபவர்களின் டிஸ்சார்ஜ் தாளில் 'பூட்டு நூல் உள்ள குழாய்' என்று ஒரு வரி எழுதச் சொல்லி நான் நச்சரிப்பது இதனால்தான்.

குழாயின் பருமனை ஃபிரெஞ்ச் என்ற அளவால் சொல்வார்கள். மூன்று ஃபிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். பித்தத்துக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 ஃபிரெஞ்ச் போதும். சீழும் கட்டியும் கலந்திருந்தால் அதைவிடப் பெரியது வேண்டியிருக்கும். பையைத் தொங்கவிட்டு அதன் போக்கில் வடியவிடுவதே வழக்கம். வலுவாக உறிஞ்சும் அமைப்பு கசியும் வாயை மூடவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் அதைப் பல மருத்துவர்கள் விரும்புவதில்லை. குழாய் அடைத்துக்கொள்ளாமலிருக்க, மருத்துவர் சொன்ன அளவில் சலைனை (உப்புநீர்) உள்ளே செலுத்திக் கழுவ வேண்டும். இதை வீட்டில் செய்யப் போகும் மனைவிக்கோ மகனுக்கோ ஆஸ்பத்திரியிலேயே கையில் சிரிஞ்சைக் கொடுத்து ஒருமுறை செய்யவைத்துப் பார்க்க வேண்டும். வாயால் சொல்லி அனுப்பினால் மறந்துவிடுவார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் மனத்தில் நிற்காது.

பையில் நாள்தோறும் எவ்வளவு சேர்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்வோம். அந்த எண்ணைவிட அது போகும் திசைதான் முக்கியம். 200, 160, 120 மில்லிலிட்டர் என்று இறங்கிவந்தால் நல்ல அறிகுறி. ஆனால் நேற்று 200 இருந்தது இன்று திடீரென்று ஒன்றுமில்லை என்றாகி, கூடவே குளிர்காய்ச்சலும் வந்தால், "கசிவு நின்னுடுச்சு" என்று மகிழக் கூடாது. குழாய் அடைத்துக்கொண்டிருக்கும், அல்லது இடம் நகர்ந்திருக்கும். பித்தம் மறுபடி உள்ளே தேங்கத் தொடங்கியிருக்கும். அன்றே வந்துவிட வேண்டும்.

சிறு கசிவுகளில் கணிசமானவை இந்த ஒரு குழாயோடு ஆறிவிடுகின்றன. அளவு குறையாமல் நிற்பவர்களுக்கு அடுத்த படி இ.ஆர்.சி.பி. எனப்படும் எண்டோஸ்கோப்பி முறை. பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை வளையம் இருக்கிறது. இத்தாலியரான ருக்கேரோ ஓடி மாணவராக இருந்தபோதே 1887இல் விவரித்ததால் அதற்கு அவர் பெயர். இந்தத் தசை இறுக்கிப் பிடித்திருப்பதால் நாளத்துக்குள் உள்ள அழுத்தம் குடலில் உள்ளதைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். முழுமையான நாளத்தில் அது நல்ல ஏற்பாடு. மேலே ஓர் ஓட்டை விழுந்துவிட்டால், அதே அழுத்தம் பித்தத்தை ஓட்டைப் பக்கம் தள்ளுகிறது. தசையை விலக்கியோ வெட்டியோ, அதற்குக் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்டை (வழியைத் திறந்து வைத்திருக்கும் சிறு குழாய்) நிறுத்தினால், பித்தம் குடலுக்குள் தடையின்றி இறங்கும். மடையைத் திறந்துவிட்ட கண்மாயில் தண்ணீர் கரையின் அரிப்பைத் தேடிப் போவதில்லை. ஓட்டை வழியே ஓட்டம் நின்றதும், அதைச் சுற்றியுள்ள திசு வளர்ந்து மூடிவிடுகிறது. வெட்டு முகத்தின் ஓரத்தில் எங்கோ கசிந்தாலும், ஸ்டென்ட் அந்த இடம்வரை எட்ட வேண்டியதில்லை. கீழே வாயிலைத் திறந்துவைத்தாலே பெரும்பாலும் போதும் என்பதைக் கேட்டதும் பலர் நம்ப மறுக்கிறார்கள். நடுவிலுள்ள பெரிய நாளம் கிழிந்திருந்தால் மட்டும், கிழிந்த இடத்தைத் தாண்டி நிற்கும்படி நீளமானதை வைப்பது நல்லது.

இந்த முறைக்கு வயது அதிகமில்லை. எண்டோஸ்கோப் வழியாகப் பித்தநாள வாயில் குழாய் நுழைத்துப் படம் எடுத்ததை அமெரிக்காவில் வில்லியம் மெக்கூன் குழுவினர் 1968இல் வெளியிட்டார்கள். சுருக்குத்தசையை எண்டோஸ்கோப் வழியே வெட்டும் முறை 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தனித்தனியே வெளிவந்தது. இந்தோனேசியாவில் பிறந்து ஹாம்பர்க்கில் பணியாற்றிய நிப் சோஹேந்திரா பிளாஸ்டிக் ஸ்டென்டை அறிமுகப்படுத்தியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. அதற்கு முன் கசிவு தொடர்ந்த நோயாளிகளுக்கு மறு அறுவையைத் தவிரப் பெரிய வழி கிடையாது. கிருமித் தொற்றும் அழற்சியும் நிறைந்து, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தொட்டால் ரத்தம் கசியும் வயிற்றை இரண்டாம் வாரத்தில் திறந்து, பிய்ந்துபோகும் திசுவில் தையல் போடுவது எவ்வளவு கடினமென்று பழைய அறுவை மருத்துவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். "ஒரு தையல் போட்டுட முடியாதா" என்ற கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது.

"இதயத்துக்கு வைக்கிற ஸ்டென்ட்டா?" என்ற கேள்வியும் வரும். இது வேறு. இதய ஸ்டென்ட் உள்ளேயே இருந்துவிடும். பித்தநாளத்தில் வைக்கும் பிளாஸ்டிக் ஸ்டென்டைக் கசிவு நின்ற பிறகு, பொதுவாக நான்கு முதல் எட்டு வாரங்களில், மறுபடி எண்டோஸ்கோப்பி செய்து எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் சில மாதங்களில் அது படிவுகளால் அடைத்துக்கொண்டு, மஞ்சள் காமாலையையும் நாளத் தொற்றையும் கொண்டுவரும். உடம்பு தேறியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வலியில்லை, பையில்லை, எதற்குத் திரும்பப் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஸ்டென்டுக்குப் பதிலாக மூக்கு வழியே வெளிவரும் மெல்லிய குழாயை நாளத்தில் வைப்பதும் ஒரு வழி. எவ்வளவு பித்தம் வருகிறதென்று கண்ணால் பார்க்கலாம், விரும்பிய நாளில் அதன் வழியே எக்ஸ்ரேயில் தெரியும் நிறமியைச் செலுத்திப் படம் எடுக்கலாம், எடுப்பதற்கு இன்னோர் எண்டோஸ்கோப்பி தேவையில்லை; ஆனால் தொண்டையில் ஒரு குழாயோடு நாட்களைக் கழிப்பது எளிதல்ல, இழக்கும் பித்தத்தோடு உப்புச் சத்துகளும் போய்விடுகின்றன. வெளியே வரும் பித்தத்தைச் சில மருத்துவமனைகளில் குழாய் வழியாகவே குடலுக்குத் திருப்பிச் செலுத்துகிறார்கள். இ.ஆர்.சி.பி.க்கே உரிய ஆபத்துகளும் உண்டு: கணைய அழற்சி, வெட்டிய இடத்தில் ரத்தப்போக்கு, அரிதாகக் குடலில் துளை. கணைய அழற்சியைக் குறைக்க மலக்குடல் வழியே இண்டோமெத்தசின் அல்லது டைக்ளோஃபெனாக் மருந்து வைப்பது இப்போது பரவலான வழக்கம்.

எண்டோஸ்கோப் எட்டாத நோயாளிகளும் இருக்கிறார்கள். கல்லீரல் மாற்று அறுவையிலோ பெரிய பித்தநாள அறுவையிலோ நாளத்தைக் குடலின் வேறொரு வளைவோடு இணைத்திருந்தால், வாய் வழியே போகும் சாதாரணக் கருவி அந்த இடத்துக்குப் போகாது. அப்போது தோல் வழியே, கல்லீரலைத் துளைத்து, நாளத்துக்குள் நேராக இறங்க வேண்டும். அடைப்பால் காமாலை வந்தவருக்கு நாளங்கள் பருத்து, அல்ட்ராசவுண்டில் பளிச்சென்று தெரியும். குத்துவது ஒப்பீட்டளவில் எளிது. கசிவு உள்ளவருக்கோ பித்தம் வெளியே ஓடிவிடுவதால் நாளங்கள் சுருங்கிக் கிடக்கும், இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஏற்கெனவே தேக்கத்தில் வைத்த வடிகுழாய் இங்கே துணைக்கு வருகிறது: அதன் வழியே நிறமியைச் செலுத்தினால், அது கசியும் வாய் வழியே பின்னோக்கி ஏறி, சில நொடிகளுக்கு நாளங்களை எக்ஸ்ரே திரையில் எழுதிக்காட்டும். அந்த நொடிகளில் 21 கேஜ் ஊசியை அந்தக் கோட்டின் மேல் இறக்க வேண்டும். அறையில் அப்போது யாரும் பேச மாட்டார்கள்.

இனி, எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் ஆர்வமூட்டும் வகைக்கு வருகிறேன். ஜப்பானைச் சேர்ந்த நகானோ குழுவினர் 2003இல் கசிவுகளை நான்காக வகைப்படுத்தினார்கள். அதில் நான்காவது, முதன்மை நாளத்தோடு தொடர்பே அறுந்துபோன கல்லீரல் பகுதியிலிருந்து வருவது. இப்படி நேர்வதற்கு உடலமைப்பின் வேறுபாடும் ஒரு காரணம். எல்லார் கல்லீரலிலும் நாளங்கள் ஒரே வரைபடப்படி ஓடுவதில்லை. சிலருக்கு வலப்புறப் பின்கூற்றின் நாளம் இடது நாளத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். அவருக்கு இடப்பாதிக் கல்லீரலை எடுக்கும்போது, வெட்டும் இடம் சற்றுத் தவறினால், அந்தப் பின்கூறு உயிரோடு, ரத்த ஓட்டத்தோடு, வழக்கம்போல் பித்தம் சுரந்துகொண்டே இருக்கும். பித்தம் போக வழி மட்டும் இருக்காது.

இது மருத்துவர்களை ஏமாற்றவும் செய்யும். இ.ஆர்.சி.பி. செய்து படம் எடுத்தால், மிச்சமுள்ள நாளங்கள் எல்லாம் அழகாக நிறைந்து, எங்குமே ஒழுக்கு தெரியாது. அறிக்கையில் 'கசிவு காணப்படவில்லை' என்று வரும். ஸ்டென்டும் வைத்தாயிற்று. பையோ நாள்தோறும் நிறைந்துகொண்டே இருக்கும். வடிகுழாய் வழியே நிறமியைச் செலுத்திப் பார்த்தால்தான் புதிர் அவிழும்: பின்புறத்தில் ஒரு சிறு கொத்து நாளங்கள் மட்டும் நிறைந்து, நடு நாளத்தோடு சேராமல் தனித்து நிற்கும். கல்லீரல் செல்கள் உறிஞ்சிப் பித்தத்தில் வெளியேற்றும் வகை மருந்தைக் கொடுத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. படமும் இதையே காட்டும். எண்டோஸ்கோப்பி படத்தையும் குழாய் வழிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் கூற்றின் நாளம் விடுபட்டிருக்கிறதென்று எண்ணிப் பார்க்காமல் இரண்டாவது ஸ்டென்டுக்கோ மூன்றாவதுக்கோ அனுப்புவது நோயாளிக்கும் வீண், அவர் வீட்டுப் பணத்துக்கும் வீண்.

இங்கே மடையைத் திறக்கும் வித்தை செல்லாது, ஏனென்றால் இந்தப் பகுதிக்கு மடையே இல்லை. எனவே சுரப்பையே நிறுத்த வேண்டும். தனித்துவிட்ட நாளத்துக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, நீரில்லாத ஆல்கஹாலைச் சில மில்லிலிட்டர் விட்டு, சற்று நேரம் பிடித்துவைத்து உறிஞ்சி எடுப்பது ஒரு வழி. நாளத்தின் உட்பூச்சு அழிந்து, அந்தப் பகுதி மெல்லச் சுருங்கும். பல தடவை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும், வலிக்கும். முதன்மை நாளத்தோடு சிறிதளவு தொடர்பு இருந்தாலும் இதைச் செய்யக் கூடாது, நல்ல நாளங்களும் கருகிவிடும். அதனால் முன்னதாக நிறமியால் உறுதிசெய்துகொள்வார்கள். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில், அந்தப் பகுதிக்குப் போகும் கிளையை அடைத்து, உணவும் ரத்தமும் குறைந்த கல்லீரல் திசு சுருங்கிப் பித்தம் குறையும்படி செய்வது இன்னொரு வழி.

மூன்றாவது, சயனோஅக்ரிலேட் பசை. அயனி உள்ள எந்தத் திரவத்தைத் தொட்டாலும் இது நொடிகளில் இறுகிவிடும் என்பதால், பசை எடுக்கும் நாளில் மேசையை நாங்கள் தனியாக அடுக்குவோம்: சலைன் கிண்ணத்தை அகற்றிவிட்டு, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) மட்டும் வைப்போம், சிரிஞ்சுகளுக்கு அடையாளம் ஒட்டுவோம், மருத்துவரும் உதவியாளரும் கையுறையை மாற்றிக்கொள்வார்கள். எக்ஸ்ரேயில் தெரிவதற்காக லிப்பியோடால் என்ற எண்ணெயோடு பசையைக் கலந்து, குழாயை டெக்ஸ்ட்ரோஸால் கழுவி, ஒரே சீராகச் செலுத்திவிட்டு, குழாய் உள்ளே ஒட்டிக்கொள்வதற்குள் சட்டென்று இழுத்துவிட வேண்டும். சலைன் பட்ட ஒரு சிரிஞ்ச் தவறிக் கலந்தால், பசை குழாய்க்குள்ளேயே கல்லாகி, அத்தனை வேலையும் முதலிலிருந்து.

கசிவு நின்றதென்று எப்படித் தெரிந்துகொள்வது என்றும் கேட்பார்கள். பையில் வருவது சில மில்லிலிட்டராகி, நிறம் வெளுத்து, காய்ச்சலில்லாமல், ஸ்கேனில் தேக்கம் மறைந்த பிறகு, குழாய் வழியே மறுபடி நிறமி செலுத்திப் பார்ப்பார்கள். நாளங்கள் எதுவும் நிறையவில்லை என்றால் குழாயை எடுக்கலாம். இதற்கு ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு மூன்று மாதமும் ஆகலாம். எடுத்த துளை ஓரிரு நாளில் மூடிவிடும்.

இவ்வளவுக்கும் மசியாத சிலர் கடைசியில் அறுவைக்குத்தான் போகிறார்கள்: தனித்துவிட்ட நாளத்தைக் குடலோடு இணைப்பது, அல்லது அந்தப் பகுதியையே எடுத்துவிடுவது. பித்தம் வயிறெங்கும் பரவி ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருப்பவரை உடனே திறக்க வேண்டியிருக்கும். அங்கே காத்திருத்தலுக்கு இடமில்லை. மற்றவர்களுக்கு, வடிகுழாயோடு மாதக்கணக்கில் பொறுத்து, தொற்று அடங்கி, சத்து ஏறி, ஒட்டுகள் இளகிய பிறகே மேசைக்கு அழைத்துப் போவார்கள். அன்று அறுவை மருத்துவர் எங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அதுவரை இருந்த குழாயை எடுத்துவிடாதீர்கள் என்று. தழும்பேறிய அந்த வயிற்றில், இணைக்க வேண்டிய இரண்டு மில்லிமீட்டர் நாளம் எங்கே இருக்கிறதென்று கைக்கு அகப்படும்படி காட்டிக்கொடுப்பது அந்தக் குழாய்தான்.